ஆளில்லாத ஒத்திகை

சங்கக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது அவளுக்கென்று யாரும் இல்லை என்பதால்தான். இதை அவளிடம் யாரும் மறைக்கவில்லை. கூட்டத்திலேயே, அவளை எதிரில் வைத்துக்கொண்டே, உரக்கச் சொன்னார்கள்.

ஆற்றங்கரைக் குடியிருப்பில் பெரிய வெள்ளம் வந்து போன மறு வருடம் நடந்த கூட்டம் அது. வெள்ளத்தன்று ஜனங்கள் பள்ளிக்கூடத்து மாடியை நம்பி ஓடினார்கள். மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சொந்த வேலையாக வெளியூர் போயிருந்தார். மார்பளவு தண்ணீரில் நின்றபடி பூட்டை உடைத்து முடிப்பதற்குள் சிலரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் அந்த ஜனங்களுக்குத் தண்ணீரைவிடப் பூட்டின் மேல்தான் பயம் அதிகம்.

உதவ வந்த தொண்டு நிறுவனத்தார் மற்றவர்களைப்போல வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரவில்லை. பாயை விரித்து உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்க" என்றார்கள். அப்படி யாரும் கேட்டுப் பழக்கமில்லாத ஜனங்களுக்குப் பதில் சொல்லவும் வரவில்லை. ஒருவர் சாக்கடை கேட்டார். ஒருத்தி தையல் மிஷின் கேட்டாள். ஒருவர் தன் மகனுக்கு உத்தியோகம் கேட்டார். பல கூட்டங்கள் பேசி, சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு எழுந்துபோய்த் திரும்பி வந்து, கடைசியில் ஒன்றில் நின்றார்கள்: ஆபத்துக்கு ஏறிக்கொள்ள உயரமாக ஒரு கட்டடம் வேண்டும், அது பூட்டிக் கிடக்கக்கூடாது.

தடித்த தூண்களின் மேல் ஒரு பெரிய கூடம், அகலமான படிக்கட்டு, நடக்க முடியாதவர்களுக்கு ஒரு சாய்தளம், இரட்டை இரும்புக் கதவு. எந்தப் பக்கம் வாசல், கதவு உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா என்பதுவரை அவர்களே பேசித் தீர்மானித்தார்கள். 'தூண் கட்டடம்' என்று பெயரும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. சாவி யாரிடம்?

"புள்ளகுட்டி இருக்கிற ஆளு சரிப்படாது. தண்ணி வந்தா முதல்ல புள்ளயத் தேடித்தான் ஓடும்" என்றார் தலைவர். அவர் மளிகைக் கடைக்காரர். குடியிருப்புக் குழுவுக்கு அவரைத் தலைவராக்கிவிட்டதால் கடையிலும் அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"புருஷன்காரன் இருந்தாலும் கஷ்டம். சோறாக்கணும்னு ஓடுவா" என்றாள் தையல்காரி.

"அப்ப யாருமே இல்லாத ஆளாப் பாத்துப் போடுங்க, வேலை முடிஞ்சுது" என்றான் பெயிண்டர். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கூட்டத்தில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

அவள் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். படகு மோட்டார் பழுதுபார்க்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. இறால் உரிக்கும் கொட்டகையில் நாள் முழுக்க நின்று, விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்து, சாயங்காலம் திரும்பிப் பூட்டைத் திறந்து உள்ளே போகிறவள். ஒரே தங்கை, உள்நாட்டில் எங்கோ குடும்பத்தோடு இருந்தாள். திரும்பிப் பார்த்த முகங்களில் இரக்கமும் இல்லை, ஏளனமும் இல்லை. சரியான அளவுக்கு ஒரு பலகை கிடைத்துவிட்டால் தச்சன் முகத்தில் வருமே, அந்தத் திருப்திதான் இருந்தது.

"என்னம்மா, பாத்துக்குவியா?" என்று கேட்டார் தலைவர்.

"சரிண்ணே" என்றாள்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது சரியான ஆளைத்தான். அதில் குறை சொல்ல இடமில்லை. ஒருவருடைய வெறுமை ஊருக்குப் பயன்படும் என்றால் அதைப் பயன்படுத்துவதில் தப்பு என்ன என்று யாரும் கேட்கலாம். அவளும் தன்னையே அப்படிக் கேட்டுக்கொண்டாள். கேட்டபடியே கொட்டகையிலிருந்து கணக்குத் தீர்த்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் அவள் குடியேறினாள். கூடத்தில் தண்ணீர் டிரம், கயிறு, மிதவைச் சட்டை, முதலுதவிப் பெட்டி, வாளிகள். வாசலில் ஒரு முக்காலியின் மேல் கையால் சுற்றும் சங்கு. மில்லில் ஊதுமே, அதன் தம்பி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முதலில் வயிற்றுவலிக்காரன்போல முனகும், பிறகு ஊளையிடும். அதனால்தான் அவள் சங்கக்கா ஆனாள். அவளுடைய சொந்தப் பேரைத் தங்கை மட்டும் போனில் சொல்லுவாள். அதுவும் கோபம் வந்தால்தான்.

நிறுவனத்தார் பயிற்சி கொடுத்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒத்திகை. சங்கை ஊத வேண்டும், இரண்டு கதவையும் திறக்க வேண்டும், ஒலிபெருக்கியில் "தண்ணி வருது, எல்லாரும் மேல வாங்க" என்று கூப்பிட வேண்டும். ஜனங்கள் தாங்களாக ஒரு விதியைச் சேர்த்தார்கள்: சங்கு ஊதினபிறகு சாவிக்காரி வாசலை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. வீடு எரிந்தாலும் நகரக்கூடாது. பள்ளிக்கூட மாடிக் கதவைக் கண்டவர்கள் போட்ட விதி அது.

முதல் வருடம் ஒத்திகைக்குக் குடியிருப்பே வந்தது. தெருவாரியாகத் தரையில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போட்டிருந்தான் பெயிண்டர். மேட்டுத் தெரு, நடுத்தெரு, ஆற்றோரத் தெரு என்று அவரவர் கட்டத்தில் உட்கார்ந்தார்கள். நிறுவனத்தார் பிஸ்கட் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவர்களுக்கு வேறு ஊரில் வேறு வெள்ளம். பிஸ்கட் நின்றது. பிறகு ஆட்களும் நின்றார்கள்.

"பிஸ்கட் நின்னதோட வெள்ளமும் நின்னுடுச்சு போல" என்று பெயிண்டர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சங்கக்காவும்தான்.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. முதல் சனிக்கிழமை வந்தால் சங்கை ஊதினாள். கதவைத் திறந்தாள். பாய்களை விரித்தாள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டு வாசலில் நின்றாள். யாரும் வரவில்லை என்றதும் பாய்களைச் சுருட்டினாள். அவள் ஊதுவதைக் கேட்டு நடுத்தெருவில் உலை வைத்தார்கள். தையல்காரி ஒரு டீ போட்டுக் குடித்தாள். குழந்தைகளைக் குளிக்கக் கூப்பிட்டார்கள். சங்கு அப்படி எல்லாருக்கும் பயன்பட்டுக்கொண்டுதான் இருந்தது, அது எதற்காக வந்ததோ அதற்கு மட்டும் இல்லை.

"என்னக்கா பண்றே?" என்று தங்கை போனில் கேட்பாள்.

"இப்பதான் ஒத்திகை முடிஞ்சுது."

"யாரு வந்தாங்க?"

"ரெண்டு ஆடு."

"அதுங்களுக்காவது புத்தி இருக்கே. பேசாம எங்கூட வந்துடேன். என்னத்துக்கு இந்தத் தலையெழுத்து? செவிடன் காதுல சங்கு ஊதிக்கிட்டு."

"ஊதுற சங்க ஊதி வைப்போம்டி."

ஓர் ஊரே கூடி உட்காரக் கட்டிய இடத்தில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பது சாதாரணத் தனிமை இல்லை. சின்ன அறையில் தனியாக இருப்பவர்களுக்குச் சுவர்களாவது பக்கத்தில் இருக்கும். இங்கே இருமினால் அந்த இருமல் கூடத்தின் கோடிவரை போய், ஆளில்லாத மஞ்சள் கட்டங்களை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. சில நாள் கூடத்தைத் துடைத்துக்கொண்டே, ஒரு தண்ணி வந்தால்தான் என்ன, பெரிதாக வேண்டாம், முழங்கால் அளவுக்கு வந்தால் போதும், எல்லாரும் வருவார்களே என்று மனசு ஓடும். உடனே நாக்கைக் கடித்துக்கொள்வாள். அன்றைக்குத் தரையை இன்னொரு தடவை துடைப்பாள்.

தண்ணீர் வந்ததும் ஒரு முதல் சனிக்கிழமையன்றுதான்.

வானத்தில் மேகப் பொட்டு இல்லை. துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. சங்கக்கா வழக்கம்போல ஒத்திகையை முடித்துப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தலைவர். டவுனில் சரக்கு எடுக்கப் போயிருந்தார். பின்னால் லாரிச் சத்தம்.

"ஏம்மா, தாலுகா ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. மேல அணைக்கட்டுல கதவ எல்லாம் தூக்கிட்டாங்களாம். அங்க ராப்பகலா மழையாம். மத்தியானத்துக்குள்ள நம்ம பக்கம் வந்துடும்ங்கறாங்க. சங்க ஊது!"

"இப்பதான்ண்ணே ஊதி முடிச்சேன்."

"மறுபடி ஊது" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

ஊதினாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல ஊதினாள். ஒலிபெருக்கியை எடுத்து, "தண்ணி வருது, எல்லாரும் மேல வாங்க" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தைகளைத்தான் மாதாமாதம் சொல்லியிருக்கிறாள்.

கீழே தூண்களுக்கிடையில் சீட்டாட்டம். பெயிண்டர் தலையை மட்டும் வெளியே நீட்டி மேலே பார்த்தான்.

"என்னக்கா, ஆள் வரலன்னு கோவமா? ரெண்டாம் ஆட்டம் ஓட்டுறீங்க?"

"இல்லப்பா, நெசமாவே வருது. தலைவர் போன் பண்ணாரு."

"நெசமாவேன்னு போன மாசமும் சொன்னீங்களே."

அது உண்மை. போன மாதம் கொஞ்சம் ஆசைப்பட்டு அந்த வார்த்தையைச் சேர்த்துப் பார்த்திருந்தாள்.

நடுத்தெருவிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "யக்கா, போதும் நிறுத்துங்க! இப்பதான் புள்ள கண்ண மூடுச்சு!"

ஆற்றைப் பார்த்தாள். அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நிறம் மாறியிருந்தது. காலையில் பச்சையாக இருந்த தண்ணீர் இப்போது பழுப்பாக இருந்தது. அதன் மேல் ஒரு முழு மரம், வேரோடு, அவசரமே இல்லாமல் மிதந்து போயிற்று.

பொய் சொல்லிக் கெட்டவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது உண்டு. அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஒத்திகை என்பது எல்லாரும் கூடி ஒப்புக்கொண்ட ஒரு பொய். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட, அவள் மட்டும் அதற்குள் மிச்சமாக நின்றிருந்தாள். விசுவாசமாக ஊதி ஊதி, கேட்காமல் இருப்பதற்கு அவர்களைப் பழக்கியதே அவள்தான்.

இன்னும் ஊதலாம். தோள் போகும்வரை ஊதலாம். விதிப்படி அதுதான் அவள் வேலை. வாசலை விட்டு நகராமல் நின்று, ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே முங்கிப் போனாலும் அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். தானாக மூடிக்கொள்ளாதபடி கயிற்றால் கம்பியோடு இழுத்துக் கட்டினாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு படியில் இறங்கினாள். யாரோ பின்னாலிருந்து "எங்கே போகிறாய்?" என்று கேட்பதுபோல இருந்தது.

கேட்டது பெயிண்டர். "எங்கக்கா போறீங்க?"

அவள் நிற்காமல் தெருவுக்குள் நடந்தாள். அவன் அவளைப் பார்த்தான், மேலே ஆளில்லாமல் திறந்து கிடந்த வாசலைப் பார்த்தான். கையிலிருந்த சீட்டுகளை வைக்கக்கூட இல்லை, அப்படியே நழுவவிட்டு எழுந்தான்.

முதல் வீடு தையல்காரியுடையது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் ஊசிகளைக் கடித்தபடி நிமிர்ந்தவள், ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

"நீங்க எப்படி இங்க?"

"தண்ணி வருதும்மா. கிளம்பு."

"அது சரி. கதவ யாரு பாத்துக்கறா?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா?"

"தொறந்து போட்டுட்டு வந்துட்டேன்."

தையல்காரி அவளையே பார்த்தாள். மிஷின் சக்கரம் இன்னும் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது. வாசலுக்கு ஓடி, தெருவெங்கும் கேட்க அலறினாள்:

"ஏய்! சங்கக்கா கதவ விட்டுட்டு வந்துட்டாங்கடி!"

அதற்கப்புறம் சங்கக்கா போக வேண்டிய வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. செய்தி அவளுக்கு முன்னால் ஓடியது. நடுத்தெருவுக்குள் நுழையும்போதே அங்கே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். "நெசமா? கீழ எறங்கிட்டாங்களா?" "நானே பாத்தேன், அந்தா வராங்க பாரு." யாரும் ஆற்றைப் போய்ப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள், குழந்தைகளைத் தூக்கினார்கள். அதுவரை எந்த வீட்டு வாசலிலும் அவள் அப்படி நின்றதில்லை. எல்லாக் கதவுகளும் அவளைக் கண்டதும் திறந்தன. எல்லாரும் அவளைத் தாண்டி ஓடினார்கள்.

ஆற்றோரத் தெருவின் கடைசி வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த ஒருவரைப் பெயிண்டரும் இன்னும் இருவரும் கட்டிலோடு தூக்கி வந்தபோது, தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. சாய்தளத்தை எட்டும்போது முழங்காலுக்கு. பார்க்கப் பார்க்க, கொடியில் காய்ந்த துணிகளின் நுனி நனைந்தது.

கூடம் நிறைந்துவிட்டது. ஆட்கள், கோழிகள், பாத்திரங்கள், ஒரு டிவி, இரண்டு ஆடு. அவரவர் மஞ்சள் கட்டத்தில் அவரவர் தெரு. "உன் காலை மடக்குய்யா, இது எங்க தெரு" என்று ஒருவர். "ஆமா, பட்டா எழுதிக் குடுத்தாங்களா?" என்று இன்னொருவர். குழந்தை ஒன்று விடாமல் அழுதது. யாரோ அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதாகப் புலம்ப, "கவலப்படாத, இந்நேரம் அணைஞ்சிருக்கும்" என்று பெயிண்டர் சொன்னான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவள் இத்தனை வருடம் மனசுக்குள் கேட்டுப் பார்த்த சத்தம் இதுதான்.

தெருவாரியாக எண்ணிப் பார்த்து, யாரும் விடுபடவில்லை என்றானதும் சங்கக்கா உட்கார இடம் தேடினாள். மேட்டுத் தெருக் கட்டத்தில் மேட்டுத் தெருக்காரர்கள். நடுத்தெருவில் நடுத்தெருக்காரர்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குடும்பங்கள் உள்பக்கம் முகம் வைத்து வட்டமாக உட்கார்ந்திருந்தன. அந்த வட்டங்களுக்கு வெளிப்பக்கம் முதுகு மட்டும்தான் இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பயந்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். சங்கக்கா வாசற்படியில் உட்கார்ந்து, கதவில் சாய்ந்து, வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளில்லாத கூடத்தில்கூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. அங்கே எல்லா இடமும் அவளுடையதாக இருந்தது.

தண்ணீர் வடிந்தது. சுவர்கள் சில போயின, தையல் மிஷின் சேற்றில் கிடந்தது. ஆள் யாரும் போகவில்லை.

நிறுவனத்தார் திரும்ப வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பாயில் உட்கார்ந்து, "சங்கு ஊதினப்ப வரல, பிறகு எப்படி எல்லாரும் வந்தீங்க?" என்று கேட்டாள்.

"சத்தம் பத்தலையா? பெருசா ஒண்ணு வாங்கலாமா?" என்று தலைவர் கேட்டார்.

"சத்தத்துக்கு என்ன கொறச்சல்? என் புள்ளய மாசாமாசம் எழுப்பி விட்டுச்சு" என்றாள் நடுத்தெருக்காரி.

"இவங்க கீழ வந்தாங்க பாருங்க, அதுல எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு" என்றாள் தையல்காரி. "அதனால சொல்றேன், இனி இவங்க தெருத்தெருவா நடந்து வரட்டும். நாளும் கிழமையும் பாக்க வேணாம், நெனச்ச அன்னிக்கு வரட்டும்."

"ஒத்திகைக்கும் நடந்து வந்தா, அப்புறம் அதுவும் பழகிடுமே" என்றாள் சங்கக்கா. கூட்டத்தில் அவள் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "அதுக்கு எனக்கும் வழி தெரியல" என்றாள் நிறுவனத்துப் பெண்.

"பழகட்டும்" என்றார் தலைவர் கடைசியில். "பழகிப் போனா மறுபடி உக்காந்து பேசுவோம். வேற என்ன செய்ய?"

"அப்ப நான் வர்றப்ப கதவு?"

கதவுக்குத் தெருவுக்கு ஒருவர் என்று முறை வைத்தார்கள். சாவிக்கு இன்னும் இரண்டு பிரதி போட்டார்கள். சங்கக்கா தலையாட்டினாள். நல்ல ஏற்பாடு என்று அவளுக்கும் தெரிந்தது. ஒரே ஆளின் தலையில் ஒரு குடியிருப்பின் உயிரைக் கட்டுவது சரியில்லை. ஆனாலும் அந்த இரண்டு புதுச் சாவிகளும் கைமாறிப் போனபோது, தன் சாவியைத் துணியின் மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு நாள் கிளம்பினாள். தெருவில் நடப்பது இன்னும் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி, "நெசமாவா, ஒத்திகையா?" "அது மேல வந்தாத்தான் தெரியும்" என்பதே அவள் பதில். சிலர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். சிலர் வரவில்லை. ஒருத்தி, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். ஒத்திகையில் டீ குடிக்கலாமா என்று தெரியாமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தாள். பிறகு குடித்திருக்கலாம் என்று தோன்றியது.

எல்லாத் தெருவும் முடித்து, கடைசி ஆளாகப் படியேறி வந்தாள். அன்றைக்கு வாசல் முறை பெயிண்டருடையது. சுவரில் தெருப் பேர்களை எழுதி, வருகிறவர்களுக்கு அதன் கீழ் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தத் தெரு?" என்றான் தலை நிமிராமல்.

அவள் நின்றாள். அவன் நிமிர்ந்தான்.

"அட, நீங்களா!" சிரித்தவன், சுவரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். சாக்பீஸ் எங்கும் இறங்காமல் நின்றது. "ஆமா, உங்கள எதுல போடுறது?"

"எங்க தெருவுல போடு" என்று தையல்காரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏன், எங்களுக்குத்தான் இன்னிக்கு ஆள் கம்மி" என்றது ஆற்றோரத் தெரு.

"ஆள் கம்மின்னா போய்க் கூட்டிட்டு வாங்க. ஏலம் விடுறாங்க பாரு" என்றது இன்னொரு குரல். கொஞ்ச நேரம் அது ஓடியது. அதற்குள் ஒரு குழந்தை தண்ணீர் வாளியைக் கவிழ்க்க, எல்லாரும் பாயைத் தூக்கப் போய்விட்டார்கள். பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

பெயிண்டர் யோசித்துவிட்டு, எந்தத் தெருவின் கீழும் இல்லாமல், ஓரமாக ஒரு கோடு போட்டான்.

"இப்போதைக்கு அங்க இருக்கட்டும்க்கா" என்றான்.

"இருக்கட்டும்" என்றாள்.

எல்லாரும் இறங்கிப் போனபின் சுவர்முன் நின்று ஒவ்வொரு தெருவாகக் கூட்டினாள். கடைசியில் ஓரத்துக் கோட்டையும் சேர்த்தாள். பிறகு துணியை நனைத்துப் பிழிந்து, அடுத்த தடவைக்காகச் சுவரை மேலிருந்து கீழே துடைத்தாள்.